ஐந்து விநாடித் தாமதம்: ஒரு கார் என்ஜினின் கோளாறைத் தேடிய பதிவு

சாவியைத் திருப்பிய ஒரு விநாடிக்குள் பிடித்துக்கொள்ளும் என்ஜின் அது. நான்கு சிலிண்டர், பெட்ரோல், 11 ஆண்டு ஓட்டம். அந்த ஒரு விநாடி எப்போது இரண்டானது என்று எனக்குத் தெரியாது. மூன்றானபோது கவனித்தேன். ஒரு காலையில் மனத்துக்குள் ஆறு வரை எண்ணிய பிறகே உயிர் வந்தது. ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் கிடையாது. இழுவை அப்படியே இருந்தது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டியைச் சந்தேகிக்க மனம் வருவதில்லை, அதனால் சில வாரங்கள் தள்ளிப்போட்டேன்.

பணிமனையில் காட்டியபோது பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று சொல்லிப் புதியது மாட்டினார்கள். எதையும் அளந்து பார்க்கவில்லை. நான்கு நாள் பரவாயில்லை போலத் தோன்றியது. ஐந்தாம் நாள் பழைய கதைதான். அன்று மாலை மல்டிமீட்டரையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானே வண்டியின் முன் நின்றேன்.

முதலில் செய்தது காதால் கேட்பது. 'ஸ்டார்ட் ஆகத் தாமதமாகிறது' என்ற ஒரே புகாருக்குள் இரண்டு வேறு நோய்கள் உண்டு. என்ஜினைச் சுழற்றித் தொடங்கிவைக்கும் செல்ஃப் மோட்டாரே மந்தமாகச் சுற்றுவது ஒன்று. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காமல் இழுத்தடிப்பது இன்னொன்று. முன்னது மின்சாரத்தின் பக்கம்: பேட்டரி, கேபிள், எர்த் (பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உடலோடும் என்ஜினோடும் சேர்க்கும் இணைப்பு), செல்ஃப் மோட்டார். பின்னது பெட்ரோல், தீப்பொறி, காற்று, சென்சார் பக்கம். இந்த இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் எந்தப் பொருளை மாற்றினாலும் அது குருட்டு வேலை.

என் சிக்கல், காது தெளிவான விடை தரவில்லை. சுற்றும் ஓசை கொஞ்சம் சோம்பலாகத்தான் இருந்தது, ஆனால் திணறும் அளவுக்கு இல்லை. ஆகவே வண்டியின் கணினி தரும் தகவலைப் படிக்கும் ஸ்கேனரை இணைத்து, ஸ்டார்ட் செய்யும்போது என்ஜின் சுழலும் வேகத்தைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 140 சுற்று. வெதுவெதுப்பான காலையில் இந்த அளவு என்ஜின் 200 சுற்றாவது தொட வேண்டும். இதே பார்வையில் இன்னொரு செய்தியும் கிடைத்தது: செல்ஃப் சுற்றும்போதே எண் திரையில் வருகிறது என்றால், என்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் உயிரோடு இருந்து கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தகவல் அனுப்புகிறது. அந்தச் சந்தேகத்தை அங்கேயே அடித்துவிட்டேன். கோளாறுக் குறியீடு எதுவும் பதிவாகியிருக்கவில்லை.

140 சுற்று என்றதும் மின்சாரப் பக்கத்தை முழுமையாக அளக்க முடிவு செய்தேன். என்ஜின் பிடித்துவிடாமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டும் என்பதற்காக எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சிய பெட்ரோல் தீரும்வரை ஒருமுறை ஓடவிட்டேன். பிறகு அளவுகள். இரவு முழுதும் நின்ற பேட்டரி 12.6 வோல்ட், நிறைந்த பேட்டரி காட்டும் அளவு. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் முனைகளில் 10.6 வோல்ட். 9.6க்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும், ஆகவே அது குற்றவாளி இல்லை. ஆனால் அதே நேரத்தில் செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையே அளந்தால் 9.1 வோல்ட்தான் வந்தது. நடுவில் ஒன்றரை வோல்ட் எங்கோ தொலைகிறது.

தொலையும் இடத்தைப் பிடிக்க மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் மற்றொன்றை செல்ஃப் மோட்டாரின் முனையிலும் வைத்துச் சுற்றச் சொன்னேன். உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப ஒருவர் இருந்தால் இந்த வேலை எளிது. 0.3 வோல்ட். பாசிட்டிவ் பக்கத்தில் 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே. 1.2 வோல்ட்! இங்கே 0.2க்கு மேல் போகவே கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இதே எர்த் கேபிளை மீட்டரின் ஓம் அளவில், அதாவது மின்தடை அளக்கும் நிலையில், வைத்துப் பார்த்து 'நன்றாக இருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தேன். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டியது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது. அவ்வளவு மின்னோட்டத்தில் 1.2 வோல்ட் இழக்க 0.008 ஓம் தடையே போதும். வீட்டு மல்டிமீட்டரால் அந்த அளவைப் பிரித்துக் காட்டவே முடியாது, அது தன் சோதனைக்கு அனுப்பும் மின்னோட்டமும் மிகச் சிறியது. சுமை ஏறும்போதுதான் இந்தக் கோளாறு முகம் காட்டும். ஆகவே கேபிளைச் சோதிக்க வேண்டுமானால் செல்ஃப் சுற்றிக்கொண்டிருக்கும்போது வோல்ட் இழப்பை அளப்பதுதான் சரியான வழி.

என்ஜினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றினேன். வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகவே இருந்தது. போல்ட்டைத் திறந்ததும் அடியில் துரு. செம்புப் பின்னலின் ஓரத்தில் வெளிர்பச்சைப் பூச்சு. உடல் பக்கத்து உலோகத்தைக் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, புதிய பட்டை போட்டு இறுக்கினேன். மறு அளவு 0.1 வோல்ட். சுழற்சி வேகம் 215. செல்ஃப் ஓசையே இளமை திரும்பியது போல மாறிவிட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை நாலரை விநாடி.

ஆறு நாலரை ஆனது முன்னேற்றம்தான், ஆனாலும் மனம் சோர்ந்துபோனது. சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது, இப்போது நிலைமை உண்மையில் தெளிவாகியிருக்கிறது. செல்ஃப் இனி ஐயத்துக்கு இடமில்லாமல் வேகமாகச் சுற்றுகிறது. அப்படியும் என்ஜின் பிடிக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோளாறுகள் படுத்திருந்தன. மேலே இருந்ததை எடுத்ததும் அடியில் இருந்தது தனியாகத் தெரிந்தது.

அடுத்த ஆறு நாட்கள் எதையும் கழற்றவில்லை. ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் இரண்டே எண்களைக் குறித்தேன்: வண்டி எவ்வளவு நேரம் நின்றது, பிடிக்க எத்தனை விநாடி ஆனது. இரண்டு நிமிட நிறுத்தத்துக்குப் பின் ஒரு விநாடி. பத்து நிமிடத்துக்குப் பின் இரண்டரை. அரை மணி நேரத்துக்குப் பின் நாலரை. மூன்று மணி நேரத்துக்குப் பின்னும் நாலரை. இரவு முழுதும் நின்ற பின்னும் அதே நாலரை.

இந்த முழுத் தேடலிலும் எனக்கு அதிகம் உதவிய பக்கம் அதுதான். தாமதம் முதல் அரை மணி நேரத்தில் ஏறுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. ஏதோ ஒன்று கசிந்து கசிந்து அரை மணிக்குள் காலியாகிவிடுகிறது. காலியான பிறகு மேலும் குறைய ஒன்றுமில்லை. தேய்ந்த ஸ்பார்க் பிளக் இப்படிக் கடிகாரம் பார்த்து நடந்துகொள்ளாது. வெப்பச் சென்சார் பொய் சொன்னால் குளிர்ந்த என்ஜினுக்கும் சூடான என்ஜினுக்கும் வேறு வேறு முகம் இருக்கும். இங்கே அரை மணியில் சூடாக இருக்கும் என்ஜினும் விடியலில் குளிர்ந்திருக்கும் என்ஜினும் ஒரே அளவு நேரம் எடுக்கின்றன. இருந்தாலும் சரிபார்த்துவிட்டேன். இரவு முழுதும் நின்ற வண்டியில் சாவியை மட்டும் திருப்பி ஸ்கேனரில் பார்த்தால், குளிர்நீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 27, 28 டிகிரி. சரி.

மிஞ்சியது பெட்ரோல் அழுத்தம். என்ஜினை நிறுத்திய பிறகும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சூடான என்ஜினின் மேல் கிடக்கும் அந்தக் குழாயில் அழுத்தம் போய்விட்டால் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ்கள் உண்டாகும். அடுத்த முறை பம்ப் அந்த ஆவியைத் தள்ளி, குழாயை நிரப்பி, பிறகுதான் இன்ஜெக்டரில் சரியான தெளிப்பு வரும். அந்த விநாடிகளைத்தான் நான் எண்ணிக்கொண்டிருந்தேன் என்ற ஊகம் வந்தது.

இதைச் சோதிக்கக் கருவியே தேவையில்லை. சாவியைத் திருப்பினால் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று ஓடி நிற்கும். ஸ்டார்ட் செய்யாமல் அணைத்துவிட்டு மறுபடி திருப்ப வேண்டும். இப்படி மூன்று முறை செய்து, நான்காம் முறை ஸ்டார்ட் செய்தேன். ஒரு விநாடியில் பிடித்தது. ஊகம் உறுதி. ஆனால் பிடித்த என்ஜின் மூன்று விநாடி குலுங்கியது, புகைக்குழாயிலிருந்து ஒரு கொத்துக் கரும்புகை வந்தது, கூடவே பச்சைப் பெட்ரோல் வாடை.

அழுத்தம் நிற்கவில்லை என்றால் டாங்கிக்குள் பம்ப்போடு இருக்கும் ஒருவழி வால்வைத்தான் முதலில் குறை சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். நானும் புதிய பம்ப் வாங்கும் யோசனையில்தான் இருந்தேன். அந்தக் கரும்புகைதான் கையைப் பிடித்து நிறுத்தியது. வால்வு கசிந்தால் பெட்ரோல் டாங்கிக்குத் திரும்பிப் போகும். குழாயை நிரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்தால் என்ஜின் சுத்தமாகப் பிடிக்க வேண்டும். புகை வருகிறதென்றால் பெட்ரோல் எதிர்த்திசையில், என்ஜினுக்குள் போய்த் தேங்கியிருக்கிறது.

அழுத்தமானி கடன் வாங்கினேன், நடுவில் பெட்ரோல் வழியை அடைக்கத் திருப்பும் குமிழ் உள்ளது. இந்த வேலையைத் திறந்த வெளியில், ஆறிய என்ஜினில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு என்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்காமல் எந்த இணைப்பையும் கழற்றக் கூடாது. அப்படியும் கொஞ்சம் சிந்தும். துணியால் சுற்றிப் பிடித்துத்தான் திறக்க வேண்டும். கண்ணாடி அணிந்திருந்தேன்.

இந்த வண்டியின் கையேடு சொல்லும் அழுத்தம் 3.5 பார். ஓடும்போது 3.5 சரியாகவே இருந்தது, ஆக பம்ப் நலம். நிறுத்தினேன். ஐந்து நிமிடத்தில் 2. பத்து நிமிடத்தில் 1. இருபத்தைந்து நிமிடத்தில் முள் அடியில் படுத்துவிட்டது. நோட்டுப் புத்தகத்தின் அரை மணிக் கணக்கு அப்படியே கண் முன்னால் ஓடியது. மறுபடி அழுத்தம் ஏற்றி, இம்முறை டாங்கிப் பக்கத்தை அடைத்துவிட்டு, என்ஜின் பக்கத்தை மட்டும் அழுத்தமானியோடு விட்டேன். அதே வேகத்தில் இறங்கியது. வால்வு விடுதலை பெற்றது. இந்த வண்டியில் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவி டாங்கிக்குள் இருப்பதால், அடைத்த குழாய்க்கு இந்தப் பக்கம் மிஞ்சுவது நான்கு இன்ஜெக்டர்களும் அவற்றின் ரப்பர் வளையங்களும்தான். வெளியே எங்கும் ஈரம் இல்லை. ஆகவே இன்ஜெக்டரின் வாய் வழியாக உள்ளேதான் கசிகிறது.

எந்த இன்ஜெக்டர்? ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, நான்கு வெளிர்பழுப்பாக உலர்ந்திருந்தன. மூன்றாவது கரி படிந்து நனைந்திருந்தது. அப்போதுதான் ஆயில் மட்டம் காட்டும் கோலையும் உருவிப் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது, முகர்ந்தால் பெட்ரோல். எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. மூன்று மாதம் முன்பு ஆயில் மட்டம் கொஞ்சம் ஏறியிருப்பதைப் பார்த்து, ஊற்றும்போது கூடிவிட்டது என்று நினைத்திருந்தேன். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் ஆயிலுக்குள் இறங்கிய பெட்ரோல் ஆவியாகிப் போக வாய்ப்புக் குறைவு. ஆயில் நீர்த்துப்போனால் என்ஜினின் தாங்கிகளுக்கு (பேரிங்) கேடு. ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்பது வெறும் எரிச்சலாக முடியாமல் என்ஜினின் ஆயுளைத் தின்னும் இடம் இதுதான்.

இன்ஜெக்டர்களின் மின்தடையை அளந்தேன்: 14.2, 14.3, 14.1, 14.3 ஓம். மின்சாரமாகப் பார்த்தால் நான்கும் ஒரு குறையும் இல்லாதவை. உள்ளே ஊசி தன் இருக்கையில் இறுக அமர்கிறதா என்பதை ஓம் சொல்லாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். குழாயின் போல்ட்டுகளைக் கழற்றி, நான்கு இன்ஜெக்டர்களோடு சேர்த்தே மேலே தூக்கினேன். அழுத்தத்தில் இன்ஜெக்டர் குழாயிலிருந்து பிதுங்கி வந்துவிடாதபடி கம்பியால் கட்டினேன். தீப்பொறிச் சுருள்களின் இணைப்புகளையும் இன்ஜெக்டர் இணைப்புகளையும் கழற்றி ஒதுக்கினேன். ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளைத் தாள். சாவியைத் திருப்பினேன். பம்ப் ஓடி நின்றது.

ஒன்று, உலர்வு. இரண்டு, உலர்வு. நான்கு, நுனியில் லேசான மினுமினுப்பு மட்டும். மூன்றாவதின் நுனியில் ஒரு மணி திரண்டது, கனத்தது, விழுந்தது. ஒரு நிமிடத்தில் ஒன்பது துளி எண்ணினேன். ஒரு துளிக்கு மேல் விழக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். பல வாரமாக ஓசையிலும் எண்ணிலும் தேடிய ஒன்றை அப்படி நேரில் பார்த்த நிமிடம் எனக்கு மறக்காது.

நான்கையும் மீயொலிக் குளியலில் சுத்தம் செய்து சோதனை மேடையில் ஏற்றக் கொடுத்தேன். தெளிக்கும் அளவு நான்கிலும் நெருங்கி வந்தது. ஆனால் மூன்றாவது சுத்தம் செய்த பிறகும் நிமிடத்துக்கு மூன்று துளி விட்டது. இருக்கை தேய்ந்துவிட்டால் குளியல் அதை வளர்த்துத் தராது. நான்கையும் மாற்றிவிடச் சொன்னார்கள். மற்ற மூன்றும் அளவில் நன்றாக இருக்கும்போது அதற்கு அவசியம் இல்லை என்பது என் முடிவு. அதே பாக எண் கொண்ட ஒரே ஒரு இன்ஜெக்டர் வாங்கினேன். இன்ஜெக்டருக்கு இரண்டாக உள்ள ரப்பர் வளையங்களை மட்டும் எட்டையும் மாற்றினேன், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பழைய வளையம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் கழற்றி மாட்டும்போது நசுங்கி, என்ஜினுக்கு மேலேயே பெட்ரோல் கசியும். வளையத்தில் ஒரு சொட்டுப் புது ஆயில் தடவி, திருகாமல் நேராக அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உட்காரும்.

போல்ட்டுகளைக் கையேட்டின் அளவில் இறுக்கினேன். ஸ்டார்ட் செய்யும் முன் சாவியை மூன்று முறை திருப்பி அழுத்தம் ஏற்றி, டார்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பார்த்தேன். எங்கும் ஈரம் இல்லை. பெட்ரோல் கலந்த ஆயிலில் புது இன்ஜெக்டரைச் சோதிக்க மனம் ஒப்பவில்லை, ஆகவே ஆயிலையும் ஃபில்டரையும் அதற்கு முன்பே மாற்றியிருந்தேன். பிளக்குகளும் புதியவை. பெட்ரோல் மூன்றாம் சிலிண்டரின் சுவரில் ஆயில் படலத்தைக் கழுவியிருக்குமே என்ற கவலை இருந்ததால், பிளக்குகள் வெளியே இருந்தபோது சிலிண்டர் அழுத்தத்தையும் அளந்தேன்: 12.6, 12.5, 12.1, 12.6 பார். மூன்றாவது சற்றுக் குறைவு, பயப்படும் குறைவு இல்லை.

சாவியைத் திருப்பினேன். காற்று வெளியேற முதல் முறை இரண்டு விநாடி ஆனது. நிறுத்தி, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தேன். 3.2 பார். மறுநாள் காலை 2.4 பார். ஒரே விநாடியில் பிடித்தது, குலுக்கல் இல்லை, புகை இல்லை.

அதன் பிறகு இருபது காலைகளின் எண்களைக் குறித்திருக்கிறேன். எதுவும் ஒன்றரை விநாடியைத் தாண்டவில்லை. 500 கிலோமீட்டர் ஓடியதும் ஆயில் மட்டத்தைப் பார்த்தேன், போட்ட கோட்டிலேயே நிற்கிறது. மூன்றாம் சிலிண்டரின் அழுத்தத்தை மட்டும் 5,000 கிலோமீட்டரில் இன்னொரு முறை அளக்க வேண்டும். அதற்கான வரியைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.